தனியாகப் பறக்க எத்தனை பேர் தேவை? ஹேங் கிளைடிங் பைலட்களின் ஒரு நாள்

[திரை: இறக்கையின் நுனியில் பொருத்திய கேமரா. மலைச்சரிவில் இரண்டு பேர் ஓடுகிறார்கள்.]

2018. சுவிட்சர்லாந்து. ஒரு சுற்றுலாப் பயணி வாழ்க்கையில் முதல் தடவையாக ஹேங் கிளைடரில், அதாவது எஞ்சின் இல்லாத பெரிய துணி இறக்கைக்குக் கீழே தொங்கிக்கொண்டு, பறக்கப் போகிறார். பக்கத்தில் பைலட். இரண்டு பேரும் ஓடுகிறார்கள், கால் தரையை விடுகிறது. அப்போதுதான் தெரிகிறது: பயணியின் ஹார்னஸை, அதாவது அவரைத் தாங்கும் பட்டை உடையை, யாரும் கிளைடரில் மாட்டவே இல்லை!

ஒரு கை கம்பியில், இன்னொரு கை பைலட்டின் மேல். அப்படியே 2 நிமிடம் 14 விநாடி தொங்கிக்கொண்டு போனார். இறங்கும்போது மணிக்கட்டு உடைந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். அந்த வீடியோவை உலகமே பார்த்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரே ஒரு கொக்கி. அதை மாட்டினோமா என்று பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். ஹேங் கிளைடிங் என்றதும் ஒற்றை ஆள், ஒற்றை இறக்கை, பெரிய வானம் என்றுதான் படம் ஓடும். மேலே போன பிறகு அது சரிதான். ஆனால் காலையிலிருந்து இருட்டும்வரை ஒரு பைலட்டின் நாளைப் பார்த்தால், அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில் வரலாறு. தாண்டி ஓட்டாதீர்கள், ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1890-களில் ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் என்ற பொறியாளர் இறக்கை கட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து பறந்தார், உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டித் திசை மாற்றினார், 1896-ல் விழுந்து இறந்தார். 1948-ல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் சமையலறைத் திரைச்சீலையை வெட்டி வளையும் இறக்கை ஒன்றைச் செய்தார்கள். விண்கலத்தைத் தரையிறக்க உதவுமா என்று நாசா அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பாராசூட்டே போதும் என்று விட்டுவிட்டது. 1963-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் டிக்கன்சன் அந்த மாதிரி இறக்கைக்குக் கீழே ஒரு முக்கோணக் கம்பிச் சட்டத்தை வைத்து, படகால் இழுத்துப் பறக்கவிட்டார். இன்றைக்கும் பைலட் பிடித்திருப்பது அந்த முக்கோணத்தைத்தான். வரலாறு முடிந்தது. நன்றி.

[திரை: கைபேசியில் வாட்ஸ்அப் குழு. வானிலை வரைபடங்கள் வரிசையாக வருகின்றன.]

நாள் தொடங்குவது முந்தின இரவு. ஐந்து பைலட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரிடமும் ஐந்து வானிலைச் செயலி, ஐந்து கருத்து. ஒருவர் "காற்று நேராக மலைமேல் வருகிறது, சூப்பர்" என்கிறார். இன்னொருவர் "மதியத்துக்கு மேல் திரும்பிவிடும்" என்கிறார். மூன்றாமவர் எதுவும் சொல்லாமல் கட்டைவிரல் மட்டும் போடுகிறார். அவருக்கு எப்போதும் எல்லாம் சரி.

அவர்கள் பார்ப்பது மூன்று விஷயம். ஏறும் இடத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் வருகிறது. உயரே போகப் போக அந்த வேகம் எப்படி மாறுகிறது. அப்புறம், மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் நிற்கும். இந்தக் கடைசிக் கணக்கு ரொம்பச் சுலபம். மதிய வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள், காற்றிலிருக்கும் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைக் கழியுங்கள், மிச்சத்தை 125-ஆல் பெருக்குங்கள். 32-லிருந்து 16 போனால் 16. அப்படியானால் மேகத்தின் அடி தரையிலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டரில். மதியம் பஞ்சுப்பொதி மேகங்களைப் பார்த்தால் நீங்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எனக்கு இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த மேகம் அளவோடு வளர்ந்தால் நல்லது. மளமளவென்று கோபுரமாக எழுந்தால் அன்றைக்குப் பறப்பதில்லை, அவ்வளவுதான். 2007-ல் ஆஸ்திரேலியாவில் ஈவா விஸ்னியெர்ஸ்கா என்ற பாராகிளைடிங் வீராங்கனையை (சட்டம் இல்லாமல், பாராசூட் மாதிரியான துணி இறக்கையில் பறப்பது பாராகிளைடிங்) ஓர் இடிமேகம் உள்ளே இழுத்துக்கொண்டது. அவருடைய கருவி பதிவு செய்த உயரம் 9,946 மீட்டர். எவரெஸ்ட்டை விட ஒரு கிலோமீட்டருக்கும் மேலே! மயங்கி, உடம்பெல்லாம் பனி படிந்து, உயிரோடு இறங்கினார். இந்தக் கதை தெரிந்த குழுவில் "கொஞ்சம் இடி இருந்தால் என்ன" என்று யாரும் பேசுவதில்லை.

இன்னொரு கேள்வி, வானிலையை விடச் சிக்கலானது: நாளைக்கு டிரைவர் யார்? மலைமேல் விட்டுவிட்டு வண்டியைக் கீழே கொண்டுவர ஒருவர் வேண்டும். யார் எங்கே இறங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது, தேடிப் போய் ஏற்றி வரவும் அவர்தான் வேண்டும். நல்ல காற்று அடிக்கும் நாளில் தரையில் இருக்கச் சம்மதிக்கிறவர் தெய்வத்துக்குச் சமம்.

[திரை: வண்டியின் கூரையில் நீளமான பைகள். மலையுச்சி.]

மடித்த ஹேங் கிளைடர் ஆறு மீட்டர் நீளம் வரை வரும், எடை 20 முதல் 35 கிலோ. பிரித்து நிறுத்துவது குடையை விரிப்பது மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்தக் குடையின் கம்பிகள் எல்லாம் வெளியே இருக்கும், ஒவ்வொன்றாக நாம்தான் செருக வேண்டும். பேட்டன் என்கிற அந்த வளைந்த கம்பிகள்தான் துணிக்கு இறக்கை வடிவம் கொடுக்கின்றன. அரை மணி நேர வேலை. அதற்குள் பாராகிளைடர்காரர் ஒருவர் முதுகுப்பையோடு வந்து, துணியை உதறி விரித்து, கை காட்டிவிட்டுப் பறந்தே போயிருப்பார். கோபம் வரும். காற்று வலுத்ததும் அவர் இறங்கிவிடுவார், இவர்கள் கிளம்புவார்கள். அப்போது கை காட்டுவது இவர்கள் முறை.

சரி, இப்போது கொக்கிக்கு வருவோம். நான் இந்த வீடியோ எடுத்ததே இதற்காகத்தான்.

கிளைடரோடு மாட்டாமலே ஒருவர் எப்படி ஓட முடியும்? அவ்வளவு மறதியா? அந்த அமைப்பைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பைலட் நிற்கும்போது கிளைடர் அவர் தோளில் இருக்கிறது. ஹார்னஸைக் கிளைடரோடு சேர்க்கும் பட்டை முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே. கண்ணுக்குத் தெரியாது. தொங்கத் தொடங்கும்வரை அந்தப் பட்டையில் எடையே ஏறாது. ஓடும்போது இறக்கை முதலில் தன் எடையைத் தூக்கிக்கொள்ளும், தோளிலிருந்து எழும்பும், அதற்குப் பிறகுதான் பட்டை இறுகி ஆளைத் தூக்கும். அதாவது மாட்டியிருந்தாலும் மாட்டாவிட்டாலும் முதல் சில அடிகள் வரை உடம்புக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரியும்போது கால் தரையில் இருக்காது.

அதன் பிறகு கம்பியைப் பிடித்துத் தொங்குவது இன்னும் மோசம். ஹேங் கிளைடரில் ஸ்டீயரிங் கிடையாது, உடம்பின் எடைதான் எல்லாம். உடம்பு முன்னால் போனால் மூக்கு இறங்கும், வேகம் கூடும். கம்பியில் தொங்குகிறவரின் எடை முழுக்க முன்னால்தான். தப்பிக்கப் பிடித்த பிடியே கிளைடரைப் பள்ளத்துக்குள் விரட்டுகிறது.

இது நடப்பது பெரும்பாலும் எல்லாம் தயாரான பிறகு. மாட்டிக்கொண்டு நிற்கிறார். காற்று நின்றுவிடுகிறது. வெயில். கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறார், கையுறையை மறந்தது ஞாபகம் வந்து வண்டிக்குப் போகிறார். திடீரென்று காற்று வருகிறது. "போ, போ, நல்லா வருது!" என்று நாலு பேர் கத்துகிறார்கள். ஓடி வந்து கிளைடரைத் தூக்குகிறார். மூளையில் "மாட்டியாச்சு" என்ற குறிப்பு ஏற்கெனவே பதிந்திருக்கிறது, அரை மணி நேரத்துக்கு முந்தையது.

[திரை: ஒருவர் கிளைடரின் மூக்குக் கம்பிகளைப் பிடித்திருக்கிறார். பைலட் குப்புறப் படுத்துத் தொங்குகிறார்.]

அதனால்தான் ஹேங் செக். ஒரு நண்பர் மூக்கைப் பிடித்துக்கொள்ள, பைலட் அப்படியே குப்புறத் தொங்குகிறார். காராபினர் என்கிற அந்தக் கொக்கி பூட்டியிருக்கிறதா, பட்டை முறுக்கிக்கொண்டதா, தொடைப் பட்டைகள் இரண்டிலும் கால் நுழைந்திருக்கிறதா, கம்பிக்கும் மார்புக்கும் நடுவில் சரியான இடைவெளியா, ரிசர்வ் பாராசூட்டின் முள் இடத்தில் இருக்கிறதா. நண்பர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து "ம்ம், ஓகே" என்றால் செல்லாது.

இதில் இரண்டு கட்சி உண்டு, சண்டை ஓய்ந்தபாடில்லை. ஒரு கட்சி, ஹார்னஸை முதலில் கிளைடரில் மாட்டிவிட்டு அதற்குள் ஆள் நுழைய வேண்டும், கழற்றுவதென்றால் ஆள்தான் வெளியே வர வேண்டும், கொக்கியைத் தொடக் கூடாது என்கிறது. இன்னொரு கட்சி, ஓடுவதற்கு முந்தின நொடி கிளைடரைத் தூக்கித் தொடைப் பட்டை இறுகுகிறதா என்று உணர்ந்துவிட்டு ஓடு, அது போதும் என்கிறது. என்னைக் கேட்டால் இரண்டையும் செய்யுங்கள். இரண்டு கட்சிக்காரர்களும் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

இப்போது எல்லோரும் தயார். ஆனால் யாரும் கிளம்பவில்லை! ஒருவர் ஏற்கெனவே இறுக்கிய பேட்டனை மறுபடி இறுக்குகிறார். இன்னொருவர் வானத்தையே பார்க்கிறார். எல்லோரும் எதிர்பார்ப்பது பலியாட்டை. முதலில் கிளம்புகிறவர் மேலே ஏறினால் காற்று நன்றாக இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் கீழே போய் நின்றால் இன்னும் நேரமாகவில்லை. அவரை வைத்து மற்றவர்கள் முடிவு செய்வார்கள். பலியாடு கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தால், மற்ற நாலு பேரும் நிழலில் உட்கார்ந்திருப்பது தெரியும்.

காற்று பலமாக இருந்தால் பக்கக் கம்பிகளைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். "மேலே... மேலே... நடு... கீழே... நடு" என்று அவர்கள் இறக்கை தங்கள் கையை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பக்கமும் "நடு" என்று வரும் நொடியில் பைலட் "கிளியர்!" என்று கத்துகிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டுக் குனிய வேண்டும். ஒருவர் அரை நொடி கூடுதலாகப் பிடித்தால் போதும், கிளைடர் மலைப் பக்கம் திரும்பிவிடும்.

[திரை: மேலே வட்டமிடும் ஐந்து இறக்கைகள்.]

மேலே போனபிறகாவது தனிமையா என்றால், அங்கேயும் இல்லை. வெயிலில் சூடான தரை தன் மேலிருக்கும் காற்றைச் சூடாக்கி மேலே அனுப்புகிறது. அதுதான் தெர்மல். அதற்குள் வட்டமிட்டால் விநாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் ஏறலாம். வேரியோ என்ற சின்னக் கருவி, ஏறினால் கீச் கீச் என்று கத்தும், இறங்கினால் முனகும். ஆனால் தெர்மல் கண்ணுக்குத் தெரியாது. நல்ல கிளைடர் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் 15 கிலோமீட்டர் வரை போகும். அந்த ஒற்றைக் கோட்டில் தெர்மல் தட்டுப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் தரைதான்.

ஐந்து பேர் பக்கம் பக்கமாகப் பரவிப் பறந்தால்? ஒருவருடைய இறக்கை சட்டென்று மேலே போகிறது, மற்ற நாலு பேரும் அங்கே திரும்புகிறார்கள். முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, எல்லோரும் அதே பக்கம்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் மோதல். சில சமயம் ஒரு பருந்தும் வந்து சேர்ந்துகொள்ளும். பருந்து இறக்கையை அசைக்காமல் இவர்களைத் தாண்டி ஏறுவதைப் பார்த்தால், இத்தனை லட்சம் ஆண்டுப் பயிற்சிக்கு முன்னால் நம் வேரியோ எம்மாத்திரம் என்று தோன்றும்.

இதன் உச்சம் 2012 ஜூலை 3. அமெரிக்காவின் டெக்சாஸில் ஸபாட்டா என்ற ஊரிலிருந்து டஸ்டின் மார்ட்டினும் ஜானி டுராண்டும் கிளம்பினார்கள். ஒருவருக்கொருவர் தெர்மலைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே கிட்டத்தட்ட 11 மணி நேரம். டுராண்ட் 761 கிலோமீட்டரில் இறங்கினார். மார்ட்டின் 764. எஞ்சின் கிடையாது, ஒரு சொட்டு எரிபொருள் கிடையாது! நாள் முழுக்கத் துணையாக வந்தவரைக் கடைசியில் மூன்று கிலோமீட்டரில் முந்துவது எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன். தோற்றவரை விட ஜெயித்தவருக்குத்தான் சங்கடம் என்று என் கட்சி.

[திரை: புல்வெளி. ஒரு கிளைடர் இறங்குகிறது.]

தரையிறக்கம். காற்றை எதிர்த்து வந்து, தரைக்கு மேலே வேகம் குறையும்வரை பொறுத்து, சரியான நொடியில் இரண்டு கையாலும் கம்பியை ஓங்கித் தள்ளினால் கிளைடர் நின்றுவிடும், பைலட் இரண்டடி நடப்பார். முன்கூட்டியே தள்ளினால் மேலே எழும்பித் தொப்பென்று விழும். தாமதித்தால் மூக்கு மண்ணில், அலுமினியக் கம்பி வளையும், சுற்றியிருக்கும் நண்பர்கள் கைதட்டுவார்கள். முதலில் இறங்கியவர் ஒரு ரிப்பனை உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருகிறவர்களுக்குக் காற்றின் திசையைக் காட்டுவார். இவ்வளவுதான் இந்தப் பகுதி.

அப்புறம் மாலை. நாலு பேர் வந்தாயிற்று, ஐந்தாமவர் இன்னும் வரவில்லை. வாக்கி டாக்கியில் கரகரச் சத்தம். "ஒரு வயல்... பக்கத்துல ஒரு ரோடு..." எந்த வயல், எந்த ரோடு? காத்திருக்கும் நேரத்தில் கதை ஆரம்பமாகிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உயரம் இருநூறு மீட்டர் ஏறும். இப்போது ஜிபிஎஸ் எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுகிறது. "நான் மேகத்தைத் தொட்டேன்" என்று ஒருவர் தொடங்கும்போதே இன்னொருவர் கைபேசியில் அவருடைய பாதையைத் திறந்து, "1,640" என்று அமைதியாகப் படிக்கிறார்.

டிரைவர் மட்டும் இந்தப் பேச்சில் சேரவில்லை. ஐந்தாமவர் அனுப்பிய இருப்பிடத்தை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்துக்குப் போகவே நாற்பது கிலோமீட்டர்.

உங்களைக் கேட்கிறேன், இந்தக் குழுவில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு என்றால் பலியாடா, கம்பி பிடிப்பவரா, டிரைவரா? கமெண்டில் எழுதுங்கள். "ஐந்தாமவர்" என்று எழுதுகிறவர்கள், தயவுசெய்து கைபேசியில் சார்ஜ் வைத்துக்கொள்ளுங்கள்.