கேணி இல்லாத அல்லிக்கேணி

(திருவல்லிக்கேணியில் ஒரு குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேறு கூட்டம் இருந்தும் நமக்காக உட்கார்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்தப் புழுக்கத்தில் எனக்குச் சால்வை போர்த்திய செயலாளர் அவர்களே, மாட வீதிப் பெரியோர்களே, சுண்டல் அவித்த மாமிகளே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். ஒருவரை விட்டாலும் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள்.

நம் பேட்டையின் மூன்று அடையாளங்கள் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். கோயில், பாரதியார் வீடு, ஐஸ் ஹவுஸ். சரி, மூன்றையும் சொல்கிறேன்.

பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 1,200 வருஷம். திருமங்கையாழ்வார் பாடிய ஊர். ஊரின் பெயரே அல்லி பூத்த குளத்தால் வந்தது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டாதே என்பார்கள். நம் முன்னோர் நீரைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கே பெயர் வைத்தார்கள்.

நான் வளர்ந்தது இங்கே ஓர் ஒண்டுக்குடித்தனத்தில். ஒன்பது குடும்பம், ஒரே கிணறு. ஒருநாள் என் பாட்டி கயிற்றோடு பித்தளைக் குடத்தை உள்ளே விட்டுவிட்டாள். கிணற்றில் விழுந்ததைக் கொக்கி போட்டு எடுக்கும் பாதாளக்கரண்டி தெருவிலேயே ஒரு வீட்டில்தான் உண்டு. அதைக் கேட்டால் சும்மா தர மாட்டார்கள், ஒரு பாத்திரத்தை அடகு வைக்க வேண்டும். பாட்டி சாதம் வடித்துக்கொண்டிருந்த வெண்கலப் பானையைக் காலி செய்து கொடுத்தனுப்பினாள். அன்று எங்களுக்குச் சாதம் முறத்தில். கரண்டியை விட்டுத் துழாவினால் முதலில் ஒரு வாளி வந்தது, எங்களுடையது இல்லை. அப்புறம் ஒரு சொம்பு. அதில் மாடிவீட்டு மாமியின் பெயர் வெட்டியிருந்தது. அந்தச் சொம்பைத் திருடிவிட்டதாகச் சொல்லி அவரும் எதிர்ப்போர்ஷன் மாமியும் நாலு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தார்கள்! சொம்பு சொட்டச் சொட்ட நிற்கிறது, இரண்டு பேரும் அழுகிறார்கள். பாட்டி மட்டும், "அழுகையெல்லாம் அப்புறம், என் குடம் எங்கேடா?" என்றாள். குடம் மறுநாள்தான் வந்தது.

அந்தக் கிணற்றின் மேல் இப்போது அடுக்குமாடியின் கார் நிறுத்தம். நம் மண் கடலோர மணல். மழை விழுந்தால் சடக்கென்று இறங்கும், உப்புத்தண்ணீருக்கு மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கும். மழையை உள்ளே விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் கடல் உள்ளே வரும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழாய் வைத்தோம். அதை எத்தனை பேர் தூர் எடுத்தோம்? கை தூக்க வேண்டாம், நானும் எடுக்கவில்லை.

ஐஸ் ஹவுஸுக்கு வருகிறேன். 1842இல் கட்டியது. அமெரிக்காவில் உறைந்த ஏரியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து அதில் வைத்து விற்றார்கள். 1897இல் விவேகானந்தர் தங்கினாரே, அதே கட்டடம். எங்கிருந்தோ தண்ணீர் வந்ததா என்று சிரிக்காதீர்கள். 2019 ஜூலையில் நமக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்தது, 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டாதே என்றால், நாம் தாகம் எடுத்த பிறகு ரயிலுக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

செயலாளர் சீட்டு நீட்டுகிறார். பாரதியார் வீடு துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில்தான், நடந்தே போய்ப் பாருங்கள். 1921இல் கோயில் யானை தள்ளியது உண்மை, அவர் இறந்தது சில மாதம் கழித்து வயிற்று நோயால். பிள்ளைகளுக்கு இதையாவது சரியாகச் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் கட்டடத்தில் கிணறு இருக்கிறதா, மூடியிருக்கிறதா, எந்தப் பக்கம் என்று எழுதிவிட்டுப் போங்கள். மூடிய கிணற்றில் மழைக்குழாயை இறக்கலாம், மேஸ்திரியை நான் கூட்டி வருகிறேன். யார் வீட்டிலாவது பாதாளக்கரண்டி இருந்தால் அதையும் எழுதுங்கள். அடகுக்குப் பானை தருகிறேன்.