உறையும் ரத்தமும் உட்காரும் நாற்காலியும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

'பயத்தில் ரத்தமே உறைந்துபோய்விட்டது' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. இதுபோன்ற வழக்கு ஐரோப்பிய மொழிகள் சிலவற்றிலும் இருப்பதால், நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் அது மெய்தானா என்று சோதித்துப் பார்த்து, 2015ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். உடல்நலத்தில் குறையில்லாத இளவயதினர் 24 பேருக்கு ஒரு பேய்ப்படத்தையும், அச்சமூட்டாத கல்விப்படம் ஒன்றையும் வெவ்வேறு நாள்களில் போட்டுக் காட்டி, படத்துக்கு முன்பும் பின்பும் ரத்தம் எடுத்து அளந்தார்கள். பேய்ப்படம் பார்த்தவர்களில் பலருக்கு, ரத்தம் உறைவதற்குத் துணைபோகும் எட்டாம் காரணி என்ற புரதம் கூடியிருந்தது. ஆனால் ரத்தம் மெய்யாகவே உறையத் தொடங்கியதற்கான தடயம் எதுவும் இல்லை. அதாவது, உடல் கத்தியைத் தீட்டியது, வெட்டவில்லை.

ஒன்றரை மணிநேரத் திரைப்படத்துக்கே உடல் இப்படி ஆயத்தமாகுமானால், முப்பது ஆண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்து, தன் வேலையைத் தானே தீர்மானிக்க இயலாமல் பிறர் ஏவியதைச் செய்து காலம் கழித்தவரின் ரத்தம் எப்படி இருக்கும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள்.

முதலில் மாரடைப்பைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோனரித் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிவு பல ஆண்டுகளாகச் சேர்கிறது; அதனால் குழாய் குறுகுகிறது. ஆனால் பெரும்பாலான மாரடைப்புகளில் கடைசி அடியைக் கொடுப்பது அந்தப் படிவு வெடித்த இடத்தில் உருவாகும் ரத்தக்கட்டிதான். அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912இலேயே இதை நோயாளிகளிடம் கண்டு எழுதியிருந்தும், கட்டி காரணமா விளைவா என்ற வாதம் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. மாரடைப்பு தொடங்கிய சில மணிநேரத்துக்குள் நோயாளிகளின் தமனிகளைப் படம் பிடித்துப் பார்த்த ஓர் ஆய்வு 1980இல் வெளிவந்த பிறகே, பெரும்பாலோருக்குக் குழாய் முழுவதுமாக அடைபட்டிருப்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. ஆகவே கொலஸ்ட்ராலைக் கவனிக்கும் நாம், உறைதலையும் கவனிக்க வேண்டியவர்களாகிறோம்.

உறைதலைக் காட்டும் அளவீடுகளுள் அதிகமாக ஆராயப்பட்டது ஃபைப்ரினோஜன். கல்லீரல் தயாரிக்கும் இந்தப் புரதம் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில், லிட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 4 கிராம் வரை இருக்கும். காயம் பட்டதும் இது நார்நாராகத் திரிந்து, வலைபோலப் பின்னி, ரத்த அணுக்களைப் பிடித்துக் கட்டியாக்குகிறது. ரத்தம் உறைய உதவும் சிறு அணுக்களான தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசையாகவும் இருக்கிறது. அளவு கூடும்போது ரத்தத்தின் பிசுபிசுப்பையும் கூட்டுகிறது. இதற்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ச்சல், சளி, பல் ஈறு அழற்சி என்று உடலில் எங்கே அழற்சி தோன்றினாலும், கல்லீரல் இதைக் கூடுதலாக உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். புகைபிடிப்பவர்களிடமும் இது உயர்ந்தே காணப்படும், விட்டுவிட்டால் இறங்கும்.

லண்டனின் வடமேற்கில் உள்ள நார்த்விக் பார்க்கில் டாம் மீட் என்ற மருத்துவ ஆய்வாளர் 1970களில் 40 முதல் 64 வயது வரையுள்ள ஆண்கள் ஏறத்தாழ 1,500 பேரின் ரத்தத்தை அளந்துவைத்துக்கொண்டு, பின்னர் யாருக்கு இதயநோய் வருகிறது என்று பார்த்திருந்தார். 1986இல் வெளியான முடிவு பலரை நிமிர்ந்து உட்காரவைத்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் இதயநோய் வருவதோடு, கொலஸ்ட்ராலைவிட ஃபைப்ரினோஜனே வலுவாகத் தொடர்புகொண்டிருந்தது. அளவீடு ஒரு திட்ட விலக்கம், அதாவது மக்களின் அளவுகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகி நிற்கும் தூரம், கூடுதலாக இருந்தால், கொலஸ்ட்ராலுக்கு 43 சதவீதமும் ஃபைப்ரினோஜனுக்கு 84 சதவீதமும் அபாயம் கூடுவதாக அந்தக் கணக்கு காட்டியது.

அதே லண்டனில் வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களில் பணியாற்றிய ஆண்கள் ஏறத்தாழ 18,000 பேரைப் பின்தொடர்ந்தது. இவர்களில் பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. சுரங்கத்திலோ உலைக்களத்திலோ உழைத்தவர் இல்லை. எல்லோருக்கும் நிலையான சம்பளமும் கட்டணமில்லாத அரசு மருத்துவமும் கிடைத்துவந்தன. இருந்தும், மைக்கேல் மார்மட், ஜெஃப்ரி ரோஸ் உள்ளிட்டோர் 1978இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு உயர்நிலை நிர்வாகிகளைவிடக் கடைநிலை ஊழியர்களுக்கு 3.6 மடங்காக இருந்தது. நடுவில் இருந்த எழுத்தர்களும் தப்பவில்லை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் அபாயம் ஒரு படி ஏறியது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றையெல்லாம் கூட்டிக் கழித்த பிறகும், அந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளக்க முடியவில்லை. ஏழைக்கு நோய் வரும் என்பது யாருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் ஏழ்மை இல்லாத இடத்திலும் பதவிப் படிக்கட்டு இதயத்தில் பதிந்திருந்தது என்பதுதான், எனக்கு இந்தத் துறையில் இன்றைக்கும் வியப்புத் தீராத கண்டுபிடிப்பு.

விளக்கப்படாத மிச்சத்தில் ஃபைப்ரினோஜனுக்கும் பங்கிருக்குமோ என்று தேடிய சிறிய ஆய்வு ஒன்று 1985இல் வந்தது. அரசு ஊழியர்களிடையே பதவி தாழத் தாழ ஃபைப்ரினோஜன் உயர்ந்திருந்தது அதில் தெரிந்தது. அதே ஆண்டில் 10,308 பேரைக் கொண்டு, இம்முறை பெண்களையும் சேர்த்து, இரண்டாம் வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. அதன் தரவுகளிலிருந்து எரிக் ப்ரன்னரும் சக ஆய்வாளர்களும் 1996இல் எழுதிய கட்டுரையைத்தான் நான் மாணவர்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வது வழக்கம். இன்றைய பதவியோடு மட்டுமல்லாமல், தந்தை பார்த்த தொழிலோடும், சிறுவயது ஊட்டத்தின் அடையாளமாக நிற்கும் உயரத்தோடும் நடுவயதின் ஃபைப்ரினோஜன் தொடர்புகொண்டிருந்தது. குள்ளமானவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. அதைப்போலவே, தம் வேலையின் மீது தமக்குப் பிடிமானம் குறைவாக இருந்தவர்களிடமும் கூடுதலாக இருந்தது. ஊழியர் சலித்துக்கொண்டு சொன்னதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யவில்லை. அந்த வேலையில் எவ்வளவு சுதந்திரம் உண்டு என்று மேலாளர்கள் தனியே மதிப்பிட்டுச் சொன்னபோதும் தொடர்பு மாறவில்லை.

இது எப்படி நிகழ்கிறது? மன அழுத்தம் நீடிக்கும்போது, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 6 போன்ற மூலக்கூறுகள் ரத்தத்தில் கூடுகின்றன. கல்லீரலுக்கு ஃபைப்ரினோஜனைப் பெருக்கச் சொல்வது அவைதான். காட்டில் புலியைக் கண்டு ஓடிய மூதாதையருக்கு, காயம் பட்டால் ரத்தம் சீக்கிரம் உறைந்தது உயிர் காத்திருக்கும். மேலதிகாரி கூப்பிடும் மணியோசைக்கும் உடலிடம் வேறு பதில் இல்லை. இதனுடன் புகை, குளிர்கால வீட்டின் ஈரம், அடிக்கடி வரும் நெஞ்சுச்சளி, உடற்பயிற்சிக்கு நேரமின்மை ஆகியவையும் சேர்கின்றன. இவற்றைத் தனித்தனியே பிரித்து இன்னதற்கு இத்தனை பங்கு என்று சொல்வது எளிதன்று.

இத்தனையும் கேட்ட பிறகு, ஃபைப்ரினோஜனைக் குறைத்துவிட்டால் இதயம் பிழைத்துவிடும் என்று நேயர்களுக்குத் தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது. கொழுப்பைக் குறைக்கும் பெசாஃபைப்ரேட் என்ற மாத்திரை ஃபைப்ரினோஜனையும் குறைக்கும் என்பதால், கால் தமனி அடைப்புள்ள ஆண்கள் 1,500க்கும் மேற்பட்டவர்களிடம் அதைச் சோதித்தவர் வேறு யாருமல்லர், டாம் மீட்டேதான். ஃபைப்ரினோஜன் இறங்கியது, ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்த மொத்த எண்ணிக்கையில் உறுதியான குறைவு தெரியவில்லை என்று 2002இல் அவரே எழுதினார். தன் கருத்தைத் தானே சோதனைக்கு அனுப்பி, வந்த விடையை மறைக்காமல் அச்சேற்றிய அந்த நேர்மையை இங்கே குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. பிறவியிலேயே ஃபைப்ரினோஜனைச் சற்று உயர்த்திவைக்கும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இதயநோய் அதிகமாக வருகிறதா என்றும் பலர் பார்த்தார்கள். அதுவும் ஃபைப்ரினோஜனைக் குற்றவாளி என்று காட்டவில்லை. 2005இல் 31 ஆய்வுகளைச் சேர்ந்த ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றாகத் திரட்டியபோது, உயர்ந்த ஃபைப்ரினோஜனும் இதயநோயும் சேர்ந்தே நடப்பது மறுபடி உறுதிப்பட்டது. ஆனால் சேர்ந்து நடப்பவரெல்லாம் வழிநடத்துபவர் ஆகிவிடுவதில்லை. என் மதிப்பீட்டில், ஃபைப்ரினோஜன் ஒரு சாட்சி. அந்த உடல் எங்கே பிறந்தது, எதைச் சுவாசித்தது, யாருக்குக் கீழே வேலை பார்த்தது என்பதைச் சொல்லும் சாட்சி.

ரத்தக்கட்டியைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளமிட்டவரும், திராம்போசிஸ் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவருமான ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்கோ, 1848இல் மேல் சைலீசியாவில் பரவிய டைஃபஸ் காய்ச்சலை ஆராயப் போய், வறுமையும் கல்வியின்மையும் பொறுப்பற்ற ஆட்சியுமே அந்த நோய்க்கு வேர் என்று எழுதி அரசின் சினத்துக்கு ஆளானவர். அவருடைய இரண்டு அக்கறைகளும் ஒரு நூற்றாண்டு கடந்து வைட்ஹால் ஊழியர்களின் ஒரு குப்பி ரத்தத்தில் சந்தித்துக்கொண்டன.

'நான் ஃபைப்ரினோஜன் பரிசோதனை செய்துகொள்ளலாமா?' என்று கூட்டங்களில் என்னைக் கேட்பவர்கள் உண்டு. இதய அபாயத்தை அறிவதற்காக மட்டும் என்றால், பொதுவாக வேண்டியதில்லை. ஒரு சளிக்காய்ச்சல் வந்தாலே அந்த எண் மாறிவிடும். பிரிட்டனில் நடந்ததையே இதற்கு விடையாகச் சொல்வேன். ஒருவருக்கு இதயநோய் வரும் வாய்ப்பைக் கணித்துச் சொல்ல, அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களை வைத்து உருவான பழைய கணக்கு, வசதி குறைந்த பகுதியினரின் அபாயத்தைக் குறைத்தே காட்டுகிறது என்பது ஸ்காட்லாந்தில் தெரியவந்தது. அங்கே அசைன் என்ற புதிய கணக்கும், இங்கிலாந்தில் 2007இல் கியூரிஸ்க் என்ற கணக்கும் உருவாயின. ஃபைப்ரினோஜன் இரண்டிலும் இடம்பெறவில்லை. வயது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றோடு மருத்துவர் அங்கே கணினியில் பதிய வேண்டிய இன்னொரு விவரம், நோயாளியின் வீட்டு அஞ்சல் குறியீடு.

நன்றி, வணக்கம்.