உணர்ச்சியின் பெயரும் அதன் நிலைக்களனும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

ஒருவர் தம் வாழ்வைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படிக்கிறோம். பல பத்திகள் கருத்தாகவே ஓடுகின்றன. இடையில் எங்கோ ஒரு சிறு நிகழ்ச்சியை அவர் சொல்லத் தொடங்கியதும் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். கட்டுரையின் வாதமெல்லாம் மறந்துபோன பின்னரும் அந்த நிகழ்ச்சி மட்டும் நெஞ்சில் தங்கிவிடுகிறது. அந்த ஆற்றல் அதற்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்பட்டுத் தோன்றும் உணர்ச்சிகளை, கூறுகிறது. பெயர்களைச் சொன்னதோடு தொல்காப்பியர் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் வகுத்துத் தருகிறார். ‘இளிவே இழவே அசைவே வறுமையென’ என்று தொடங்கும் நூற்பாவின்படி, பிறரால் இகழப்படுவதிலும், உரியதை இழப்பதிலும், பழைய நிலை கெட்டுத் தளர்வதிலும், வறுமையிலும் அழுகை பிறக்கிறது. தன்னைப் பற்றி எழுத விரும்பும் எவரும் இந்த நூற்பாவை மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ‘தாங்க முடியாத துயரம் அடைந்தேன்’ என்று எழுதுகிறவர் மெய்ப்பாட்டின் பெயரை மட்டுமே நமக்குத் தருகிறார். அது எதிலிருந்து பிறந்ததோ அதைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்.

தந்தையை இழந்த ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். ஈமச் சடங்குகள் முடிந்து சில நாள்கள் கழித்துத் தையற்காரர் ஒரு சட்டையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்; ‘போட்டுப் பார்த்துவிட்டுக் கைநீளம் சரியாக இருக்கிறதா என்று சொல்லச் சொல்லுங்கள்’ என்கிறார். இறப்புச் செய்தி அவருக்கு எட்டவில்லை. எழுதுபவர் இதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டியதில்லை. மகனுக்குத் தெரிந்தது தையற்காரருக்குத் தெரியாது என்ற அந்த இடைவெளியில் வாசகர் தாமாகவே போய் நின்றுகொள்கிறார். அங்கே அவருக்கு உண்டாகும் உணர்ச்சி, பிறர் சொல்லிக் கொடுத்ததாக இல்லாமல் அவருடையதாகவே ஆகிவிடுகிறது.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1931-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பர்மாவின் சிறையொன்றில் தூக்குமேடைக்குக் கொண்டுசெல்லப்படும் கைதி, காவலர்கள் தோள்களைப் பற்றியிருந்தபோதும், வழியில் தேங்கிக் கிடந்த நீரை மிதிக்காமல் சற்றே விலகி நடக்கிறான். அதன்பின் ஆர்வெல் தம் சிந்தனையை விரித்துரைக்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் சொல்லப் போவதை அந்த ஓர் அடியிலேயே வாசகர் உணர்ந்துவிடுவதால், பின்னால் வரும் சிந்தனை விளக்கமாகத் தோன்றாமல் துணையாக வந்து சேர்கிறது. நிகழ்ச்சிக்குப் பிறகு எண்ணங்களை எழுதவே கூடாது என்று சிலர் கூறுவதை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான்.

நம் மொழியில் இதற்குச் சிறந்த சான்று உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றில் இருக்கிறது. 1880-ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்தில், அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை முதன்முறை சந்தித்ததை அவர் விவரிக்கிறார். யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்ற கேள்விக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொல்கிறார். அவர் எதிர்பார்த்த வியப்பு முதலியாரிடம் தோன்றவில்லை. படித்த நூல்களை அடுக்குகிறார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளுமாகப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இவற்றைப் படித்து என்ன பயன் என்ற பொருளில் ஒரு கேள்வி வந்து விழுகிறது. பட்டியல் அவ்வளவு நீளமாக இல்லையென்றால் அந்தக் கேள்வி அவ்வளவு ஆழமாகத் தைத்திருக்காது. தொல்காப்பியர் முதலில் வைத்த இளிவு என்னும் நிலைக்களன் இதுதான்.

இதை எழுதியபோது அவர் எண்பது வயதைக் கடந்தவர். சீவக சிந்தாமணியையும் சங்க நூல்களையும் பதிப்பித்துப் பெரும்புகழ் பெற்றவர். அந்தப் புகழின் உயரத்திலிருந்து அன்றைய இருபத்தைந்து வயது இளைஞரின் ஏமாற்றத்தை அவர் சிறிதாக்கிவிடவில்லை. அன்று பட்டவரும் இன்று எழுதுபவரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். பின்னால் நடக்கப்போவது நமக்குத் தெரியும், அந்த இளைஞருக்குத் தெரியாது. தையற்காரரின் சொல்லில் இரு மனிதருக்கு இடையே இருந்த இடைவெளி இங்கே ஒரே மனிதரின் இரு வயதுகளுக்கு இடையே விழுந்திருக்கிறது. தன்னைப் பற்றிய எழுத்துக்கே உரிய செல்வமாக நான் கருதுவது இதைத்தான். புனைகதை எழுதுபவர் இதை உருவாக்கியாக வேண்டும். வாழ்ந்தவருக்கு இது கையிலேயே இருக்கிறது.

ஆனால் அந்த உரிமைக்கு ஒரு கடமையும் உண்டு. நினைவு நடந்ததை அப்படியே காத்து வைப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முந்தைய உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுத முற்படும்போது நாம் நம்மை அறியாமலே கற்பனையைக் கலந்துவிடுகிறோம். கேட்ட சொற்கள் நினைவில் இல்லையென்றால் அதை அப்படியே எழுதிவிடலாம். தாய் கடைசியாகச் சொன்னது மறந்துவிட்டது, அவர் அப்போது போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்று ஒருவர் எழுதினால், புனைந்து சேர்க்கும் எந்த உரையாடலையும்விட அந்த வரியையே நான் நம்புவேன்.

நன்றி, வணக்கம்.