முதற்காசு ஆரம்பப் பிரிவுக்கே

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, சபையில் இருக்கும் அம்மா அப்பாமாரே, வணக்கம்.

இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னியின் கல்வி உயர ஊர் கூடி முதலில் கைகொடுக்க வேண்டியது தரம் 1 முதல் 5 வரையான ஆரம்பப் பிரிவுக்கா, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தரத்துக்கா என்பது கேள்வி. ஆரம்பப் பிரிவுக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். பல்கலைக்கழக அனுமதியில் 55 வீத இடங்கள் மாவட்ட அடிப்படையில் கிடைக்கின்றன, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, அதன் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, ஆகவே உயர்தர வகுப்புக்குக் காசு போட்டால் உடனே பலன் என்றார். சரி. அந்த வகுப்புக்குள் போக என்ன வேண்டும்? தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் 6 பாடம் சித்தி, அதில் 3 திறமைச் சித்தி, தாய்மொழியும் கணிதமும் கட்டாயம். அதைத் தாண்டாத பிள்ளைக்கு மாவட்ட ஒதுக்கீடு இருந்தென்ன, பீடம் பக்கத்தில் இருந்தென்ன?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரம் பிள்ளைகளை வைத்து வாசிப்பிக்கிறோம். தரம் 4 படிக்கும் பொடியன் ஒருவன் கொப்பியை நீட்டினான். முத்து முத்தான எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்ற வரியை முதலிலிருந்து மடமடவென்று சொன்னான். 'நிறைந்தது' என்ற சொல்லில் மட்டும் விரலை வைத்து, இது என்ன அப்பன் என்றேன். வாய் திறக்கவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுத்தைக் கீறியிருக்கிறான், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்குத் தரம் 6இல் விஞ்ஞானமும் வரலாறும் எப்படி விளங்கும்? கணிதத்தில் கேள்வியை வாசித்தால்தானே விடை!

ஆசிரியரில் பழி போட மாட்டேன். உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களில் ஒருவரே இரண்டு மூன்று வகுப்பை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து விடியமுதல் பஸ் ஏறி, மாங்குளத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார். கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார். கேட்கத்தானே செய்வார்! தங்க ஒழுங்கான ஓர் அறையும் இராச்சாப்பாடும் ஊர் கொடுத்தால், இன்னும் இரண்டு வருடம் நிற்க அவருக்கும் மனம் வரும்.

"தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு வகுப்பு நடத்துகிறோமே, அது ஆரம்பப் பிரிவு இல்லையா?" என்றார் எதிரணித் தங்கச்சி. அந்த வகுப்பில் முன்வரிசையில் இருப்பது வெட்டுப்புள்ளியைத் தொடக்கூடிய பிள்ளைகள். நான் சொன்ன பொடியனை அதில் யார் சேர்க்கிறார்கள்? அவனை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

2009இல் போர் முடிந்த பிறகு மீளக்குடியேறி வந்தபோது கூரையே இல்லாத பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் தேவைப்பட்டது. மறுக்கவில்லை. இன்றைக்கும் வெளிநாட்டுப் பழைய மாணவர் அனுப்பும் காசில் வாசலில் வளைவு கட்டுவதும் மேடைக்கு மாபிள் பதிப்பதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், வரவுசெலவு வாசிக்கமுதல், தரம் 3இல் எத்தனை பிள்ளைகள் பார்க்காத பக்கம் ஒன்றைத் தனியே வாசிப்பார்கள் என்று அதிபரிடம் கேளுங்கள். வாசிக்க இயலாத பிள்ளைகளைக் கணக்கெடுத்து, வருகிற காசை முதலில் அவர்களுக்குச் செலவழியுங்கள். அவர்கள் வாசிக்கத் தொடங்கட்டும், உயர்தர வகுப்புக்கு நானே வீடு வீடாக வந்து காசு சேர்த்துத் தருகிறேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை ஆரம்பப் பிரிவின் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.