தேவலோகத்தில் இரவு எட்டு மணி

[காட்சி: சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியின் தாழ்வாரம். இரவு. பூந்தொட்டிகள், காயும் துணிகள். கேமரா மெல்ல வானத்துக்கு ஏறுகிறது.]

வணக்கம். இன்றைக்கு ஒரு காதல் கதை. அவள் தேவலோகத்துப் பெண். அவன் மண்ணில் பிறந்து மண்ணோடு போகிறவன். இருவரும் சேர்கிறார்கள், இரண்டு பிள்ளைகள் பிறக்கின்றன, அப்புறம் மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்து பிரித்துவிடுகிறார்கள். இனி வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரிதான் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு.

சீனர்கள் இரண்டாயிரம் வருஷமாகச் சொல்லிவரும் கதை இது. எனக்குச் சொன்னவர் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி. அப்போது எனக்கு ஒன்பது வயது.

[காட்சி: மூடியில் துரு ஏறிய பிஸ்கட் டின். உள்ளே நூல்கண்டுகள், பொத்தான்கள்.]

கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து அவர் தைப்பார். கண் சரியாகத் தெரியாது. ஊசியை என்னிடம் நீட்டுவார். நான் நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி, விரலால் திருகி, தாழ்வார விளக்குக்கு நேராக ஊசியைப் பிடித்துக் கோத்துக் கொடுப்பேன். ஒரு நாள் முதல் தடவையிலேயே நூல் ஏறிவிட்டது. ஆன்ட்டி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலுமாக, "இன்றைக்கு ஊசி கோத்தால் கை நன்றாக வரும்" என்றார். அன்று சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் ஏழாம் நாள். அந்த ராத்திரி நிலா வெளிச்சத்தில் ஊசி கோத்து, வானத்து நெசவுக்காரியிடம் கைத்திறமை வேண்டிக்கொள்வது அவர்களின் பழைய வழக்கம்.

கதையைக் கேட்டு முடித்ததும், "வருஷத்துக்கு ஒரே நாளா? பாவம்" என்றேன். "அங்கே ஒரு நாள் என்றால் இங்கே ஒரு வருஷம்" என்றார் ஆன்ட்டி. அந்தப் பதில் எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. இந்த வீடியோ முழுக்க அந்தப் பதிலைப் பற்றித்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

[காட்சி: கோட்டோவியம். தறியில் ஒரு பெண், தறியிலிருந்து மேகங்கள் வழிகின்றன.]

அவள் பெயர் ஜீநூ. நெசவுக்காரி என்றே பொருள். வானத்தை ஆளும் பேரரசரின் மகள். மேகங்களை நெய்வது அவள் வேலை. அவன் பெயர் நியூலாங், மாட்டுக்காரன். தாய் தகப்பன் இல்லாதவன். அண்ணனும் அண்ணியும் அவனைத் தனியே அனுப்பியபோது பங்காகக் கிடைத்தது ஒரு கிழட்டு மாடு. அந்த மாடு பேசும். தேவலோகப் பெண்கள் குளிக்க வரும் இடத்தைச் சொன்னதும், ஒருத்தியின் ஆடையை எடுத்து ஒளித்துவைக்கச் சொன்னதும் அந்த மாடுதான்.

இந்த இடம் எனக்குப் பிடிக்காது. திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறவளிடம் கேட்கிற சம்மதம் சம்மதமே இல்லை. இதைவிடப் பழைய வடிவம் ஒன்றில் ஆடைத் திருட்டு கிடையாது. தகப்பனே கட்டிவைக்கிறார். கல்யாணமான பிறகு அவள் தறிப்பக்கமே போகவில்லை, அந்தக் கோபத்தில்தான் பிரித்துவிடுகிறார். எனக்கு இந்த வடிவம்தான் நெருக்கம். இதில் அவள் தன் வேலையையே மறக்கிற அளவுக்கு அவனை விரும்புகிறாள்.

இரண்டு வடிவமும் ஒரே ஆற்றங்கரையில்தான் வந்து நிற்கின்றன. வானத்து மகாராணி அவளை இழுத்துக்கொண்டு போகிறாள். மாடு இதற்குள் செத்துப்போயிருக்கிறது. சாகும்போதே, "என் தோலைப் போர்த்திக்கொண்டால் பறக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனது. அவன் தோலைப் போர்த்திக்கொள்கிறான். ஒரு கழியை எடுத்து இரண்டு பக்கமும் கூடை கட்டுகிறான். ஒரு கூடையில் மகன், ஒரு கூடையில் மகள். கழியைத் தோளில் வைத்துக்கொண்டு பறக்கிறான்.

தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலை வரை நடந்தவர்களுக்கு இந்தத் தோளை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பாரம், நடுவில் கழி, கழிக்குக் கீழே ஒரு மனிதன். இடும்பன் இரண்டு மலைகளைச் சுமந்தான், இவன் இரண்டு பிள்ளைகளைச் சுமக்கிறான். இதுவும் காவடிதான்.

கிட்டே வந்துவிட்டான். கை நீட்டினால் எட்டும். மகாராணி தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, இருவருக்கும் நடுவே வானத்தில் ஒரு கோடு இழுத்தாள். கோடு ஆறாகிவிட்டது. சீனர்கள் அதை வெள்ளி ஆறு என்கிறார்கள், நாம் ஆகாய கங்கை என்கிறோம்.

இவர்கள் அழுகையைப் பார்த்து மனம் இளகி, வருஷத்துக்கு ஒரு நாள் என்று அனுமதி கிடைத்தது. அன்றைக்கு மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவைகள், காக்கைக்கு உறவு, கூட்டமாகப் பறந்துபோய் இறக்கையோடு இறக்கை சேர்த்துப் பாலம் கட்டுகின்றன. அன்று மழை பெய்தால் அது அவளுடைய கண்ணீர்.

[காட்சி: இரவு வான வரைபடம். இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள், நடுவே பால்வழி.]

இந்த இருவரையும் நீங்கள் இன்றும் பார்க்கலாம். நெசவுக்காரிதான் வேகா என்கிற நட்சத்திரம், மாட்டுக்காரன் ஆல்டேர். வேகா நம்மிடமிருந்து 25 ஒளியாண்டு, ஆல்டேர் சுமார் 17. ஒருவருக்கொருவர் சுமார் 15 ஒளியாண்டு. ஆல்டேருக்கு இரு பக்கமும் மங்கலாக ஒவ்வொரு நட்சத்திரம் இருக்கும். அவைதான் கூடையில் இருக்கும் பிள்ளைகள்.

ஆல்டேர் நமக்குத் தெரியாததல்ல. அதுவும் பக்கத்து இரண்டும் சேர்ந்துதான் நம்முடைய திருவோணம். பெருமாளின் நட்சத்திரம், உலகளந்த மூன்று அடிகள். வடமொழியில் சிரவணம். கண் தெரியாத தாய் தகப்பனைக் காவடியில் வைத்துச் சுமந்த பிள்ளைக்கும் சிரவணகுமாரன் என்றுதானே பெயர்? இது கண்ணில் பட்டபோது ரொம்ப நேரம் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

வேகாவுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அபிஜித். மகாபாரதத்தின் வனபர்வத்தில் இந்திரன் முருகனிடம் முறையிடுகிறான்: ரோகிணியின் தங்கை அபிஜித், அக்காவின் மூத்த இடத்துக்கு ஆசைப்பட்டுத் தவம் செய்யக் காட்டுக்குப் போய்விட்டாள், வானத்தில் ஒரு இடம் காலியாகிவிட்டது, என்ன செய்வது? காரணம் வேறு, கதை வேறு. ஆனால் இங்கேயும் அந்த நட்சத்திரம் வானத்தை விட்டு இறங்கிப்போன ஒரு பெண்தான்.

[காட்சி: சவுத் பிரிட்ஜ் ரோடு. கோயில் கோபுரம். பக்கத்தில் பகோடா தெருவின் கடைவீடுகள்.]

இப்போது சைனாடவுனுக்கு வாருங்கள். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துத் தெருக்களில் ஏழு சகோதரிகள் விழா என்ற பெயரில் இதே நாள் கொண்டாடப்பட்டது. கொண்டாடியவர்கள் பெரும்பாலும் தென்சீனாவின் கேன்டனீஸ் மொழி பேசும் பெண்கள். பூ, பழம், சீப்பு, ஊசி நூல், முகப்பவுடர் எல்லாம் படைப்பார்கள். படைத்த பவுடரில் பாதியைக் கூரைமேல் வீசுவார்கள், அது நெசவுக்காரிக்கு. மீதியைத் தங்களுக்குள் பங்கிட்டுப் பூசிக்கொள்வார்கள். அவளோடு ஒரே டப்பாவிலிருந்து பவுடர் போட்டுக்கொள்வது!

அவர்களில் மாஜே என்று சொல்லப்பட்ட பெண்கள் உண்டு. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பின்னலோ கொண்டையோ போட்டுப் பெரிய வீடுகளில் வேலை செய்தவர்கள். கல்யாணமே வேண்டாம் என்று தலைசீவிச் சபதம் எடுத்தவர்கள். அவர்களுக்கு எதற்குக் காதல் கதை? பலர் வந்தது தென்சீனாவில் குவாங்டோங்கின் ஷுண்டே பகுதியிலிருந்து. பட்டு நூற்கிற ஊர். 1930களில் பட்டுத்தொழில் நொடித்துப்போய்த்தான் பலர் கப்பல் ஏறினார்கள். அவர்கள் கும்பிட்டது யாரோ ஒருவனின் மனைவியை அல்ல, கையில் தொழில் உள்ள ஒருத்தியை என்று நினைக்கிறேன்.

அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டில்தான் 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில். ஐப்பசியில் தீமிதி நடக்கும். பாஞ்சாலிக்காக நடக்கும் தீமிதி. பாண்டவர்களின் குலத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் புரூரவன் வருவான். அவன் காதலித்தது ஊர்வசியை. அவளும் மேலுலகத்துப் பெண், அவனும் சாகிறவன்.

ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 95ஆம் பாடல் முழுக்க இந்த இருவரின் பேச்சு. அவள் ஏற்கனவே போய்விட்டாள், அவன் கெஞ்சுகிறான். நான்கு வருஷம் மனிதர்களோடு இருந்தேன், நாளுக்கு ஒரு துளி நெய்தான் சாப்பிட்டேன் என்கிறாள். பிறகு வந்த வேத நூலான சதபத பிராமணம் மீதியைச் சொல்கிறது. தாமரைக் குளத்தில், தோழிகளோடு நீர்ப்பறவையாக நீந்திக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடிக்கிறான். கடைசியில் அவள் இரங்கி ஒன்று சொல்கிறாள்: இன்றிலிருந்து வருஷம் முடிகிற ராத்திரி வா, ஒரு ராத்திரி உன்னோடு இருப்பேன்.

இங்கேயும் வருஷம். இங்கேயும் ஒரே ராத்திரி.

[காட்சி: வட்டக் கடிகாரம். எண்களுக்குப் பதில் தமிழ் மாதங்கள்.]

ஆன்ட்டியின் பதில் எனக்குப் புரிந்தது ஒரு மார்கழியில். விடியற்காலை கோயிலுக்குக் கிளம்பும்போது தூக்கக் கலக்கத்தில் முனகினேன். பாட்டி சொன்னார்: "மார்கழி தேவர்களுக்கு விடியற்காலை, கண்ணு. நமக்கு ஒரு வருஷம் அவங்களுக்கு ஒரு நாள்." அப்படியே நின்றுவிட்டேன். இதைத்தானே ஆன்ட்டியும் சொன்னார்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். தை முதல் ஆனி வரை தேவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. ஒரு மாதம் அவர்களுக்கு இரண்டு மணி நேரம். தை பிறக்கும்போது காலை ஆறு மணி. ஆடி பிறக்கும்போது மாலை ஆறு. ஆவணி பிறக்கும்போது இரவு எட்டு. சீனர்களின் ஏழாம் மாத ஏழாம் நாள் எப்போதும் ஆடிக் கடைசிக்கும் ஆவணித் தொடக்கத்துக்கும் பக்கத்தில், வளர்பிறை சப்தமியை ஒட்டித்தான் வரும். அதாவது அவர்கள் சந்திப்பது, நம் கடிகாரப்படி, தேவலோகத்தில் இரவு எட்டு மணி சுமாருக்கு. தினமும். வேலை முடித்து வீடு திரும்புகிற நேரத்துக்கு.

ஆக, தண்டனை அவனுக்குத்தானா? அவளுக்கு அவன் தினமும் வருகிறானே என்று முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் மீதிக் கணக்கைப் போட்டேன். நம்முடைய ஒரு முழு ராத்திரி அவளுக்கு இரண்டு நிமிஷம். எட்டு மணிக்குப் பாலத்தில் கால் வைக்கிறாள். எட்டு மணி இரண்டு நிமிஷத்துக்கு அவன் போய்விட்டான்.

நாளைக்கு வரும்போது அவனுக்கு ஒரு வயது கூடியிருக்கும். நேற்றுக் கூடையில் தூங்கிய மகள், இன்றைக்கு நடந்து வருகிறாள். ஒரு வாரத்தில் பல் விழுந்து முளைத்திருக்கும். மூன்று வாரத்தில் கல்யாண வயது. இவளோ நெசவுக்காரி. மகளுக்கு ஒரு சட்டை நெய்து எடுத்துக்கொண்டு போனால், அளவு நேற்றையது. கை நுழையாது. சீனாவின் ஹான் அரசமரபுக் காலத்துப் பழைய கவிதை ஒன்றில், அவள் நாள் முழுக்க நெய்தும் ஒரு துணி முடியவில்லை, கண்ணீர் மழையாக விழுகிறது என்று வரும். எந்த அளவுக்கு நெய்வாள்?

அவன் இன்னும் அறுபது வருஷம் இருந்தால், அவளுக்கு அறுபது சாயங்காலம். இரண்டே மாதம். அவர்கள் அறுபதாம் கல்யாணமே அவளுக்கு அடுத்த மாதம். அவனும் நட்சத்திரமாகிவிட்டான், சாவில்லை என்று முடிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி முடிக்கமாட்டேன். அவன் சாகிறவனாக இருக்கும்வரைதான் அந்த இரண்டு நிமிஷத்துக்கு எடை.

[காட்சி: கீழ்த்தளத்துக்குப் பக்கத்தில் காகிதம் எரிக்கும் டின், புகை. தூரத்தில் கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடையின் விளக்கு.]

சிங்கப்பூரில் ஏழாம் மாதம் என்றாலே எல்லாருக்கும் பேய் மாதம்தான் நினைவுக்கு வரும். ஊதுவத்தி, கெத்தாய் மேடை, பேய்களுக்கென்று விட்ட முன்வரிசைக் காலி நாற்காலிகள். அதே மாதத்தின் ஏழாம் நாளில் இவர்கள் இருப்பது பலருக்குத் தெரியாது.

2026இல் அந்த நாள் ஆகஸ்ட் 19, புதன்கிழமை. ராத்திரி பத்து மணிக்கு வெளியே வாருங்கள். மேற்கே அரை நிலா இறங்கிக்கொண்டிருக்கும். வடக்கே திரும்பி, அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதியைக் கொஞ்சம் தாண்டிப் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளையாக ஒரு நட்சத்திரம், அதுதான் அவள். இந்த ஊர் வெளிச்சத்தில் ஆறு தெரியாது, அவள் தெரிவாள். வடக்குப் பார்த்த தாழ்வாரமாக இருந்தால், கைப்பிடிச் சுவரில் சாய்ந்தே பார்த்துவிடலாம். அவனைப் பார்க்க அது போதாது. அவன் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே இருப்பான், கூரை மறைக்கும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடிக்குப் போங்கள்.

[காட்சி: மறுபடியும் பிஸ்கட் டின். ஒரு கை ஊசியை எடுக்கிறது.]

ஆன்ட்டி போய்ச் சில வருஷம் ஆகிறது. டின்னை அவர் மகள் என்னிடம் கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை, ஒரு கை தைத்து, இன்னொரு கை தைக்காமல் இருந்தது. யாருக்கென்று கேட்டேன். "எனக்குத்தான்" என்றார் மகள். அவருக்கு இப்போது ஐம்பது வயது.