மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளிடமிருந்து ஆசிரியர் கற்பவை

[காட்சி: பள்ளிகளுக்கு உதவும் அரசின் வட்டார வள மையத்தில் ஓர் அறை. பாயில் அமர்ந்திருக்கும் குழந்தைகள், அருகில் அம்மாக்கள்.]

வணக்கம். விடுமுறை நாள்களிலும் பள்ளி முடிந்த மாலைகளிலும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தன்னார்வமாகச் செல்லும் ஆசிரியர்களைச் சேவை மனம் உள்ளவர்கள் என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு அவர்களுக்கு உரியதே. ஆனால், அங்கிருந்து அவர்கள் தம் சொந்த வகுப்பறைக்கு எதைக் கொண்டு வருகிறார்கள் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இந்தக் காணொளி அதைப் பற்றியது.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். ஆகவே, எந்த ஊர்ப் பள்ளியின் எந்த வகுப்பிலும் இத்தகைய குழந்தை ஒருவர் இருக்கக்கூடும். எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்கும் உள்ளடக்கிய கல்வியைப் பற்றிப் படித்துத் தேர்வெழுதி வந்த ஆசிரியர்களும், பேச்சு வராத ஒரு குழந்தையின் எதிரே முதன்முறை அமரும்போது என்ன செய்வதென்று தெரியாமல் திகைப்பதுண்டு. தன்னார்வப் பணி அந்தத் திகைப்பைப் போக்குகிறது, அது மட்டுமன்று.

[காட்சி: படங்கள் ஒட்டிய தொடர்புப் பலகை. அதை நோக்கி மெதுவாக நகரும் ஒரு சிறு கை.]

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமியிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆசிரியர் கேட்கிறார். அவள் மடியில் இருக்கும் பலகையில் இட்லி, சோறு, பால், தண்ணீர் எனப் படங்கள் உள்ளன. அவள் கை எழுகிறது, விலகுகிறது, மீண்டும் எழுகிறது. அதற்குள் ஆசிரியர் பொறுக்க முடியாமல் "இட்லியா?" என்று கேட்டுவிட்டால், அந்தக் கை அப்படியே கீழே இறங்கிவிடுகிறது. பேசாமல் காத்திருந்தால், விரல் பால் படத்தின் மேல் வந்து நிற்கிறது. அந்தச் சில நொடிகள், பழகாத ஆசிரியருக்கு மிக நீளமாகத் தோன்றும்.

வகுப்பறையிலும் இதேதான் நடக்கிறது. அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்பறை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் வெளியிட்ட முடிவு இது: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள். அதை 3 நொடிகளுக்கு நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன; தாமாக முன்வந்து விடை சொல்வோரும் பெருகினர். இந்த ஆய்வைப் படித்துத் தெரிந்துகொள்வது எளிது. அந்த 3 நொடிகள் வாயை மூடியிருப்பது எளிதன்று. தொடர்புப் பலகையின் முன் அமர்ந்து பழகிய ஆசிரியருக்கு அது கைவந்துவிடுகிறது. இதைத்தான் நான் முதன்மையான ஆதாயமாகக் கருதுகிறேன்.

[காட்சி: கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணம்.]

இரண்டாவது, நம் பேச்சைப் பற்றியது. "இதையும் இதையும் கூட்டினால் இது வரும்" என்று கரும்பலகையைத் தொட்டுக் காட்டி நாம் கணக்கு நடத்துகிறோம். பார்வையற்ற மாணவருக்கு அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. அவருக்குப் பாடம் சொல்ல அமரும் ஆசிரியர், "செங்கோணத்தை அடுத்துள்ள இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் கிடைக்கும்" என்று முழுமையாகச் சொல்லியே ஆக வேண்டும். அப்படிச் சொல்லப் பழகியவரின் பாடம், பலகை சரியாகத் தெரியாத கடைசி வரிசைக்கும், முந்தைய நாள் வராத மாணவருக்கும் போய்ச் சேர்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தைகளோடு பழகியவர் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் வழக்கத்தை விடுகிறார். ஏனெனில், உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு ஆசிரியரின் முதுகு எதையும் சொல்வதில்லை.

பெற்றோரிடம் பேசும் முறையும் மாறுகிறது. பெற்றோரை அழைத்துக் குறைகளைச் சொல்லி அனுப்புவதே பல பள்ளிகளின் வழக்கம். இங்கோ, குழந்தை எந்த ஒலிக்கு மிரளும், எந்த அசைவு பசியைக் குறிக்கும் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். ஆசிரியர் கேட்டுத் தெரிந்துகொள்பவராகிறார். அப்படிக் கேட்டுப் பழகியவர், தம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் மாணவரின் தந்தையிடம், "உங்கள் பையன் படிப்பதில்லை" என்று தொடங்காமல், "வீட்டில் எதை விரும்பிச் செய்வான்?" என்று தொடங்குகிறார்.

[காட்சி: சிறப்புப் பயிற்றுநர் ஒருவருடன் ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார்.]

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தைகள் நம் பயிற்சிக்கான கருவிகள் அல்லர். தன்னார்வலர் எவரும் சிறப்புப் பயிற்றுநருக்கோ இயன்முறை மருத்துவருக்கோ மாற்றாக முடியாது. எனவே, செல்ல விரும்புவோர் முதலில் உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைச் சந்தித்து, எந்தக் குழந்தைக்கு எந்த உதவி தேவை என்று கேளுங்கள். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் புகைப்படம் எடுத்துச் சமூக ஊடகங்களில் பகிராதீர்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு நாளின் ஒழுங்கு மாறினாலே பதற்றம் வரும் என்பதால், குறித்த கிழமையில் குறித்த நேரத்துக்குச் செல்வது கட்டாயம். அவ்வாறு தொடர்ந்து வர இயலாதவர்கள், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கலாம்; கைப்பேசி ஒன்றும் அமைதியான அறை ஒன்றும் இருந்தால் அதை வீட்டிலிருந்தே செய்யலாம். பதிவைத் தொடங்கும் முன், "படத்தைப் பார்க்க" என்று வரும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்தில் இருப்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.