ரோடு போட்டவங்களும் பட்டாளத்துக்காரங்கதான்

பெரியவங்க, தாய்மாரு, பிள்ளைய எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாவப் பத்திப் பேசணும்னு நம்ம வாசகசாலை கமிட்டிக்காரங்க கேட்டதும் நான் உடனே சரின்னுட்டேன். ஏன்னா ரெண்டாம் உலக யுத்தத்துல நடந்த பர்மா சண்டைன்னு சொன்னா நம்ம ஊர்ல நேதாஜி படையத்தான் சொல்லுவாங்க, அதச் சொல்லவும் வேணும், ஆனா அதே சண்டையில அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்துல நம்ம விளவங்கோடு தாலுகாவுல இருந்து போயி மண்ணு வெட்டி, பாறை உடைச்சு, ரோடு போட்டவங்க கதைய மேடையில சொல்லி நான் கேட்டதே இல்ல.

எங்க பாட்டா கருங்கல் பக்கத்துல பனையேறி. முருக்குத்தடிய மரத்துல சாத்தி, இடுப்புல அருவாப்பெட்டியக் கட்டிக்கிட்டு, ஒரே பனையில காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க ஏறி பாளை சீவணும், ஒரு நாளு விட்டாலும் அக்கானி, அதான் பதநீரு, நின்னு போவும். சொந்தமா ஒரு பனை கிடையாது, எல்லாம் பாட்டத்துக்கு, அதான் குத்தகைக்கு எடுத்தது. பாட்டி கருப்பட்டி காய்ச்சி சந்தைக்குக் கொண்டு போவாங்க. அப்பாவும் பதிமூணு பதினாலு வயசுலயே பனையேறத் தொடங்கிட்டாரு.

அப்ப நாம திருவிதாங்கூர் ராஜ்ஜியம். அரிசி பாதிக்கு மேல வெளியில இருந்துதான் வரணும், அதுல பெரிய பங்கு பர்மா அரிசி. 1942 மார்ச்சுல ஜப்பான்காரன் ரங்கூனப் பிடிச்சான், கப்பல் நின்னுச்சு, இங்க அடுப்பு அணைஞ்சுச்சு. மரச்சீனிக்கெழங்க, அதான் மரவள்ளியத் தின்னுதான் நம்ம ஜனம் உயிரு பிழைச்சுச்சு, அந்தக் கெழங்குக்கும் வழியில்லாத வீடு எத்தனையோ. பட்டாளத்துக்கு ஆள் எடுக்காங்கன்னு கேள்விப்பட்டு அப்பா போனது வீரத்துக்கு இல்ல, வீட்டுக்கு மணியார்டர் வரும்ங்கிறதுக்குத்தான். அதுல எனக்கு ஒரு குறைச்சலும் தெரியல, பசிச்ச வீட்டத் தூக்கி நிறுத்தப் போன பையன் அவரு. அரிசி நின்னதால போனவர, அந்த அரிசி வந்த பர்மா எல்லைக்கே கொண்டு விட்டாங்க பாருங்க.

அவரு சேர்ந்தது பயோனியர் கம்பெனி, ரோடு போடுற மாதிரி வேலைக்குன்னே இருந்த பட்டாளப் பிரிவு. திமாப்பூர்ல ரயில் நிக்கும், அங்க இருந்து கொஹிமா வழியா இம்பாலுக்கு ஒரே ஒரு மலை ரோடு. அந்த ரோடு இருந்தாத்தான் சோறு, குண்டு, மருந்து எல்லாம். 1944 மார்ச்சு கடைசியில ஜப்பான்காரன் அத அறுத்துட்டான், ஜூன் 22ஆம் தேதி 109ஆவது மைல்கல் பக்கத்துல, கொஹிமாவுல இருந்தும் இம்பால்ல இருந்தும் வந்த நம்ம பக்கத்துப் படைங்க சந்திச்ச பிறகுதான் வழி திறந்துச்சு. அந்த மாசம் அங்க பேய் மழை. காலையில வெட்டின ரோடு சாயங்காலம் சரிஞ்சு கீழ கிடக்கும், மறுபடி வெட்டணும். மலேரியாவுக்கு தெனம் மெப்பக்ரின் மாத்திரை, வரிசையில நிக்க வச்சு கண்ணு முன்னால முழுங்க வைப்பாங்களாம், அதத் தின்னுத் தின்னு தோலு மஞ்சளாயிரும். லீவுக்கு வந்தப்ப பாட்டி மஞ்சக்காமாலைன்னு பயந்து கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்திருக்காங்க!

சண்டை முடிஞ்சு கம்பெனியக் கலைச்சு அனுப்பினாங்க. பென்ஷன் வாங்க பதினஞ்சு வருஷ சர்வீஸ் வேணும், இவரு மாதிரி யுத்தத்துக்குன்னு சேர்ந்தவங்களுக்கு அது எங்க இருக்கு? டிஸ்சார்ஜ் புக்கும் பர்மா ஸ்டார் மெடலும்தான் மிச்சம். ஆறு முனை வச்ச வெண்கல நட்சத்திரம், கருநீல ரிப்பன், நடுவுல செவப்பு, ரெண்டு பக்கமும் ஆரஞ்சுக் கோடு. அத அவரு மாட்டி நான் பார்த்ததே இல்ல.

திரும்பி வந்தவரு பனைக்குப் போகல, குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்டுல பால்வெட்டுக்குப் போனாரு. மலேயாவும் ஜப்பான் கைக்குப் போயி உலகத்துக்கே ரப்பர் இல்லாம ஆனப்ப நம்ம திருவிதாங்கூர் ரப்பருக்கு வந்த மவுசு அது. விடியறதுக்கு முன்னால, குளிர்ச்சி இருக்கும்போதே பட்டையச் சீவணும், வெயில் ஏறினா பால் ஓட்டம் கொறஞ்சிரும். கத்தி பட்டையத் தாண்டி உள்தடியில பட்டுட்டா மரத்துல காயம், பொறவு அந்த இடத்துல பட்டை ஒழுங்கா வளராது. அப்பா சீவின பட்டைய நான் கையில எடுத்துப் பாத்திருக்கேன், வெத்தலை கனம்தான் இருக்கும். பால ஊத்தி ஆசிட் விட்டு ஒறைய வச்சு, ஷீட்டு அடிச்சு, புகைப்புரையில தொங்கப்போட்டு, சிரட்டையில ஒட்டுப்பால் பொறுக்கி, எங்க நாலு பேரையும் படிக்க வச்சாரு. மழைக்காலத்துல வெட்டு கெடையாது, கூலியும் கெடையாது. அந்த மாசங்கள எங்கம்மா எப்படி ஓட்டினாங்கன்னு இப்ப நெனச்சாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தமிழ்நாட்டோட சேரணும்னு போராடினவங்க மேல 1954 ஆகஸ்டு 11ல புதுக்கடையில துப்பாக்கிச்சூடு நடந்ததையும், 1956 நவம்பர் 1ல நாம தமிழ்நாட்டோட சேர்ந்ததையும் அவரு நிறைய சொல்லுவாரு. ரோடு போட்டத மட்டும் கேட்டாத்தான் சொல்லுவாரு, “நாங்க சண்டை போடலியேப்பா”ம்பாரு. கொஹிமா கல்லறையில 1,420 பேரு புதைஞ்சு கிடக்காங்க, எரிச்ச இந்து, சீக்கிய வீரங்க 917 பேரு பேர அங்க தனியா வெட்டி வச்சிருக்காங்க. அவங்களுக்கெல்லாம் அந்த ரோட்டுலதான் சோறு போச்சு. அவரு சண்டை போடலேன்னு சொன்னத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

அதனால ஒரு வேலை ஆரம்பிக்கிறோம். உங்க வீட்டுப் பெட்டியில பாட்டாவோட டிஸ்சார்ஜ் புக்கு, மெடல், மணியார்டர் ரசீது, பட்டாளத்துல எடுத்த போட்டோ ஏதாவது கிடந்தா வாசகசாலைக்குக் கொண்டு வாங்க. இங்கயே ஸ்கேன் பண்ணிட்டு கையோட திருப்பிக் கொடுத்திருவோம். பேரு, ஊரு, எந்த கம்பெனி, எங்க இருந்தாருங்கிறத ஒரு ரிஜிஸ்டர்ல எழுதறோம். அதுல மொத பக்கத்துல எங்க அப்பா பேர எழுதியாச்சு, ரெண்டாவது பக்கத்துக்கு யாரு வாரீங்க?